அட்டையில் மிஞ்சிய பிரெஞ்சிந்தியா

ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் இருவர் வானலையில் பேசியதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அஞ்சலட்டையே க்யூ.எஸ்.எல். அட்டை. ‘கிடைத்ததை ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கான தந்திச் சுருக்கக்குறி அதன் பெயராயிற்று. அனுப்புபவரின் அழைப்புக்குறி அட்டையில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எதிர்முனையின் அழைப்புக்குறி, தேதி, நேரம், அலைவரிசை, பேச்சா மோர்ஸா என்ற விவரம், ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்ற மதிப்பெண் ஆகியவை நிரப்பப்படும். நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் புதன்கிழமை அதிகாலை 3 மணிக்கு நடந்த உரையாடல், அட்டையில் செவ்வாய்க்கிழமை இரவு 9.30 என்றே இருக்கும்.

அழைப்புக்குறியின் முன்னெழுத்துகள் நாட்டைக் காட்டும். முத்தியால்பேட்டை ஹாமின் அழைப்புக்குறி இன்று வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்கு உரிய முன்னெழுத்து எஃப்.என்.8.

இந்த வேறுபாட்டுக்கு மதிப்பைத் தந்தது டி.எக்ஸ்.சி.சி. விருது. நூறு ‘நாடுகளுடன்’ பேசி உறுதிச்சான்று காட்டுவோருக்கு அமெரிக்க ரேடியோ ரிலே லீக் வழங்கும் விருது இது. 1937இல் தொடங்கி, உலகப்போரில் நின்று, 1945 நவம்பர் 15க்குப் பிந்தைய தொடர்புகளை வைத்துப் புதிதாகக் கணக்கைத் தொடங்கியது. அதன் பட்டியலில், புதுச்சேரி அடங்கிய பிரெஞ்சிந்தியா தனி நாடாக இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததால், அதற்கு முந்தைய நாளான அக்டோபர் 31 வரையிலான தொடர்புகளே அந்தப் பெயரில் செல்லும். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை தள்ளிப்போனதைப் பட்டியல் பொருட்படுத்தவில்லை. கோவாவும் சிக்கிமும் பின்னாளில் இதேபோல் நீக்கப்பட்டன.

அட்டைகள் செல்ல இரு வழிகள் உண்டு. நேரடித் தபால் விரைவானது. ஆனால் செலவு அதிகம். மற்றது ‘பீரோ’ முறை: ஒவ்வொரு நாட்டிலும் உள்ள ஹாம் சங்கம் அட்டைகளை மொத்தமாகப் பெற்று, பிரித்து, உறுப்பினர்களுக்கு அனுப்பும். இந்தியாவில் இப்பணியைச் செய்வது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. செலவு குறைவு, ஆனால் அட்டை வந்துசேர ஆண்டுக்கணக்கிலும் ஆகலாம்.

2003இல் அமெரிக்க லீக் தொடங்கிய ‘லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்’ இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. உரிமத்தையும் அடையாளச் சான்றையும் காட்டும் ஹாமுக்கு ஒரு மின்சான்றிதழ் கிடைக்கும். அதைக்கொண்டு மின்கையொப்பமிட்டுத் தன் பதிவேட்டை அவர் ஏற்றுவார். இருவரின் அழைப்புக்குறிகளும் அலைவரிசையும் பேசிய முறையும் ஒத்துப்போய், நேர வேறுபாடு 30 நிமிடங்களுக்குள் இருந்தால் தொடர்பு உறுதியாகும். ஒருவர் பதிவை மற்றவர் பார்த்து எழுத முடியாது என்பதால் மோசடிக்கு இடம் குறைவு. அட்டையோ ஒரு தரப்பின் வாக்குமூலம் மட்டுமே. அதனால்தான் விருதுக்கு வரும் அட்டைகளைச் சரிபார்ப்பாளர்கள் ஆராய்கிறார்கள், அடித்துத் திருத்தியவற்றை ஏற்பதில்லை. 2000இல் தொடங்கிய இ-க்யூ.எஸ்.எல். தளம் அட்டையைப் படமாகவே அனுப்புகிறது. ஆனால் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு அதை லீக் ஏற்பதில்லை.

இணையமுறையில் உறுதி கிடைக்க இரு தரப்பும் பதிவேற்ற வேண்டும். எஃப்.என்.8 நிலையங்கள் ஓய்ந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவற்றின் பழைய பதிவேடு எங்கிருந்தாவது கிடைத்து ஏற்றப்பட்டாலன்றி, பிரெஞ்சிந்தியாவுடன் பேசியதற்குச் சான்று அன்று தபாலில் வந்த அட்டை மட்டுமே.