ஏரிக்கரையின் பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. முந்தின இரவே பீடத்துத் துணியை எடுத்துவிடுவார்கள். மணியும் ஓய்ந்துவிடும், பாஸ்கா இரவு வரை மரக்கட்டையைத் தட்டும் ஓசைதான். இந்தச் சடங்குகள் உரோமையிலும் பழவேற்காட்டிலும் ஒன்றே. துக்கம் கொண்டாடும் விதம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஜெர்மனியின் ஓபராமெர்காவில் 1633 கொள்ளைநோயின்போது செய்த நேர்த்திக்கடனுக்காகப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊரே கூடித் திருப்பாடுகளை நாடகமாக நடிக்கிறது. பிலிப்பைன்ஸின் பம்பாங்காவில் சிலர் உள்ளங்கையில் ஆணி அறைந்துகொள்கிறார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. நம் சி.எஸ்.ஐ. கோயில்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனைகூடப் பெரு நாட்டு லீமாவில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையார் தொடங்கியதுதான்.

தமிழர் இந்த நாளுக்குக் கொடுத்தது ஒப்பாரி. இழவு வீட்டில் மாரடித்து அழுகிற அதே ராகத்தில், மகனைப் பறிகொடுத்த மரியாளாக நின்று பெண்கள் புலம்புவார்கள். இதற்கு ஈடான இறைவேண்டல் வேறில்லை.

இந்தப் புலம்பலுக்கு எழுத்திலும் ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1676இல் கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், 1742இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார். அவர் தமிழில் எழுதிய ‘வியாகுல பிரசங்கம்’ இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் ராகமிட்டு வாசிக்கப்பட்டு வந்தது. அன்று இலங்கைக் கரையை ஆண்டு கத்தோலிக்கரை ஒடுக்கியவர்கள் டச்சுக்காரர்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்களும் அவர்களே. கோட்டை இன்று இடிபாடு. 1515இல் போர்த்துக்கீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலில் வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒப்பாரி நடக்குமா? கவலை அங்கேதான். பல பங்குகளில் இன்று சிலுவைப்பாதைக்குப் பென்டிரைவ் பாட்டு, ஒலிபெருக்கி. ‘அதனால்தான் இளைஞர்கள் வருகிறார்கள்’ என்பாரும் உண்டு, வரட்டும். பாட்டுக்கு வாயசைக்கும் கூட்டம் அழுகிற கூட்டமாகிவிடாது.

பழவேற்காடு ஏரியின் ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆரம்பாக்கத்தைப் பாருங்கள். தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வடக்கே எல்லை தாண்டினால் தடாவை அடுத்துப் புதிய தொழில் நகரம். ஏரியில் பாடு குறையக் குறைய, பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஷிப்டு முடிந்து வரும் பெண்ணுக்கு ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து ராகம் பிடிக்கப் பொழுதேது? ஒப்பாரியின் வரிகளை நோட்டில் எழுதிவிடலாம். இழுப்பு, விம்மல், மூச்சு வாங்கும் இடம் எதுவும் நோட்டில் நிற்காது.

ஒப்பாரியைக் காப்பாற்றப் பெரிய செலவில்லை. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் பாடத் தெரிந்த மூத்தவர்களை உட்கார வைத்து, ஒரு செல்போனில் முழுப் பாட்டையும் பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்ற விவரத்தோடு ஒரு படியை ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வைக்கலாம். அடுத்த ஆண்டு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அவர்களில் ஒருவரைப் பாடச் சொல்லலாம்.