மொட்டைக் கடிதம் போடும் மென்பொருள்

செயலி விழுந்தால் காரணம் சொல்லிவிட்டு விழ வேண்டும். கோப்பைக் காணோம், பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டாய் என்று ஏதாவது ஒன்று. ஆனால் விண்டோஸ் திரைச் செயலிகளை சி ஷார்ப்பில் எழுதுகிறவர்களுக்குச் சில நேரம் ஒரு மொட்டைக் கடிதம்தான் வரும்: 'டார்கெட் இன்வொகேஷன் எக்ஸப்ஷன்'. நீ அழைத்த இடத்தில் ஏதோ பிழை. அவ்வளவுதான்.

2006-இல் வந்த டபிள்யூ.பி.எஃப். என்ற திரைக் கட்டமைப்பில் ஒரு சன்னலை உருவாக்கிய த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலைச்சரடு) மட்டுமே அதைத் தொடலாம். பின்னணியில் ஓடும் த்ரெட்டுக்குத் திரையில் வேலை இருந்தால், அதை டெலிகேட்டாக்கி திரை த்ரெட்டுக்கான வேலைகளை வரிசையில் வைக்கும் டிஸ்பாட்சரிடம் ஒப்படைக்க வேண்டும். டெலிகேட் என்பது ஒரு செயற்கூறையே பொருள்போல் கைமாற்றித் தரும் வசதி.

வாங்கிய டிஸ்பாட்சர் முதலில் அதன் வகையைப் பார்க்கிறது. 'ஆக்‌ஷன்' போன்ற தெரிந்த முகம் என்றால் நேரே அழைக்கிறது. தெரியாத வகை என்றால் டைனமிக்இன்வோக் என்ற சுற்றுவழி. இதில் வேகம் குறைவு, அதுகூடப் பெரிதில்லை. உள்ளே எழும் எக்ஸப்ஷனை அது பிடித்து, உறையில் போட்டு, உறையைத்தான் வெளியே எறிகிறது. அந்த உறைதான் நம் மொட்டைக் கடிதம், டார்கெட் இன்வொகேஷன் எக்ஸப்ஷன். 'நெட்வொர்க் பிழை என்றால் பொறுத்துக்கொள், மற்றதென்றால் மூடிவிடு' என்று நாம் எழுதிவைத்த சோதனைக்கு உறை மட்டுமே தெரியும். பொறுத்திருக்க வேண்டிய பிழைக்குச் செயலி மூடிக்கொள்கிறது. அசல் காரணம் உறையின் இன்னர்எக்ஸப்ஷனுக்குள் பத்திரமாக இருக்கிறது, பிரித்துப் பார்ப்பவர்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், நாமே அறிவித்த டெலிகேட்டும் ஆக்‌ஷனும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கலாம்: எதையும் வாங்காது, எதையும் திருப்பித் தராது. கம்பைலர் முணுமுணுக்காது. ஆனால் டிஸ்பாட்சர் பார்ப்பது உருவத்தை அல்ல, பெயரை. ஆரம்பத்தில் இப்படிச் சொந்தமாக அறிவித்ததற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது. உள்ளீடு இல்லாத ஆக்‌ஷன் சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டுக்கு வந்ததே 2007-இல், 3.5 பதிப்பில். மைக்ரோசாஃப்டின் த்ரெட் பாடத்திலேயே வானிலை காட்டும் எடுத்துக்காட்டுக்கு 'நோஆர்க்டெலிகேட்' என்று சொந்தமாக ஒன்றை அறிவித்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள்.

துப்பறிகிறவருக்கு இன்னொரு நஷ்டம். டாட்நெட் எக்ஸப்ஷனை இரண்டு சுற்றில் கையாள்கிறது: யார் பிடிப்பார் என்று முதலில் தேடும், பிறகுதான் அழைப்பு அடுக்கைக் கலைக்கும். டைனமிக்இன்வோக் நடுவிலேயே பிடித்துவிடுவதால், டீபக்கர் வந்து நிற்பதற்குள் அடுக்கின் மேல்பகுதி கலைந்திருக்கும். சம்பவ இடத்தைக் கழுவிவிட்ட பிறகு வரும் போலீஸ் கதை.

பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸில் தெரிந்த முகங்களே வேறு. ஈவென்ட்ஹேண்ட்லரும் மெத்தட்இன்வோக்கரும்தான் வேகமானவை என்கிறது அதன் ஆவணம். ஆக்‌ஷன் பெயர் அந்த வரியில் இல்லை.

டபிள்யூ.பி.எஃப்.-இல் தப்பிக்க வழி எளிது: உள்ளீடுகளையெல்லாம் பெயரில்லாச் செயற்கூறான ஒரு லாம்டாவுக்குள் அடைத்து ஆக்‌ஷனாகக் கொடுத்துவிடலாம். ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே வகையைத் துருவி அழைக்கும் முறை) அழைப்புகளில் உறை வேண்டாம் என்று சொல்லும் கொடி 2018-இல் டாட்நெட் கோர் 2.1-உடன் வந்தது. டைனமிக்இன்வோக்கிடம் அந்தக் கொடியைக் காட்ட வழியில்லை. அது இன்னும் உறை போட்டுத்தான் அனுப்புகிறது.