டாக்டர் வராத ஊருக்கு யாரைப் படிக்க வைப்பது? அலாஸ்கா சொல்லும் பதில்

சிறுபான்மைச் சமூகங்களுக்கு மருத்துவம் பார்க்க ஆட்களைத் தயார் செய்யணும்னா அரசு என்ன செய்யும்? முதல்ல தோணுறது உதவித்தொகை. அமெரிக்காவில் அதுவும் இருக்கு. அங்கே பூர்வகுடிகளை இன்னும் "இந்தியர்" என்றுதான் சட்டம் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடல்நலத்துக்காக 1976ல் தனிச் சட்டமே போட்டார்கள். பூர்வகுடி மாணவர்கள் மருத்துவமோ நர்சிங்கோ படிக்க அரசு செலவு செய்யும். படித்து முடித்தவர் குறைந்தது 2 ஆண்டு பூர்வகுடி மக்களுக்கு வேலை செய்ய வேண்டும்.

நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு டாக்டர் உருவாக பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அப்படி உருவானவரும் முந்நூறு பேர் வாழும் பனிக்காட்டுக் கிராமத்தில் போய் உட்கார மாட்டார். ஒரு டாக்டருக்கு அங்கே முழுநேர வேலையும் இருக்காது. அப்போ அந்த முந்நூறு பேருக்கு யார்?

இந்தக் கேள்விக்கு அலாஸ்காவில் கிடைத்த பதில் கொஞ்சம் வேற மாதிரி.

முதல்ல அந்த இடம் எப்படின்னு பார்ப்போம். அலாஸ்காவின் பூர்வகுடிக் கிராமங்கள் பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. சின்ன விமானம், படகு, பனியில் ஓடும் வண்டி, அவ்வளவுதான். வானிலை மோசமானால் அதுவும் இல்லை. 1950களில் இந்தக் கிராமங்களைக் காசநோய் வாட்டியது. உலகத்திலேயே மிக அதிகமான காசநோய் விகிதம் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. நோயாளிகள் எல்லாரையும் படுக்க வைக்க ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. அதே சமயம் ஐசோனியாசிட் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. வீட்டிலிருந்தே சாப்பிடலாம். ஆனால் மாதக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் சாப்பிடணும். அதைக் கவனிக்க ஊருக்குள் ஓர் ஆள் வேண்டும்.

அந்தந்தக் கிராமத்திலேயே ஆட்களைப் பிடித்தார்கள். மாத்திரை கொடுப்பது, சாப்பிட்டாரா என்று பார்ப்பது, வானொலி வழியாக டாக்டரிடம் சொல்வது, இதுதான் வேலை. ஆள் ஊரில் இருந்தால் ஜனங்க சும்மா விடுவாங்களா? பிரசவம், வெட்டுக்காயம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எல்லாமே அவரிடம் வந்தது. 1960களில் முறையான பயிற்சி ஆரம்பித்தது. 1968ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று பணம் ஒதுக்கியது. சமூக சுகாதார உதவியாளர் என்று அவர்களுக்குப் பெயர். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, 170க்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 550 பேர். நம்ம ஊர் கிராம சுகாதார செவிலியரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நோய் பார்த்து மருந்து கொடுப்பது வரை இவர்கள் பொறுப்பு.

பயிற்சி எப்படி? மொத்தம் 4 கட்டம். ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாரம். ஒரு கட்டம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, கற்றதைச் செய்துவிட்டு, பிறகுதான் அடுத்த கட்டம். கல்லூரிப் பட்டம் தேவையில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கிராமத்துக்குப் பங்கு உண்டு. அதனால் அவர் யூபிக்கோ இனுபியாக்கோ பேசுகிற, எல்லாருக்கும் தெரிந்த ஆளாகத்தான் இருப்பார்.

"நாலு மாசப் பயிற்சியில் வைத்தியமா?" என்று கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான். அவரைத் தனியாக விடவில்லை என்பதே இதற்குப் பதில். கையில் ஒரு கையேடு இருக்கும். வயிற்று வலி என்றால் என்னென்ன கேட்கணும், எங்கே தொட்டுப் பார்க்கணும், எப்போது உடனே டாக்டரைக் கூப்பிடணும் என்று படிப்படியாக அதில் இருக்கும். அடுத்தது, மறுமுனையில் ஒரு டாக்டர். முன்பு தினமும் ஒரு நேரத்தில் வானொலியில் பேசுவார்கள். அதே அலைவரிசையைத் திருப்பினால் யாருக்கு என்ன நோய் என்று பக்கத்து ஊருக்கும் கேட்கும்! 1971ல் ஏடிஎஸ்-1 என்ற செயற்கைக்கோள் மூலம் பேசிப் பார்த்தார்கள். பிறகு தொலைபேசி, இப்போது படம் எடுத்து அனுப்பும் வசதி.

பணமும் பயிற்சியும் மட்டும் போதாது என்பது பல் வைத்தியத்தில்தான் தெரிந்தது. கிராமத்துக் குழந்தைகளுக்குப் பல் சொத்தை அதிகம். பல் டாக்டர் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. நியூசிலாந்தில் 1921லிருந்தே பள்ளிக் குழந்தைகளுக்குப் பல் பார்க்கத் தனியாக ஆட்களைப் பயிற்றுவித்து வந்தார்கள். அதனால் 2003ல் அலாஸ்காவிலிருந்து முதல் அணி மாணவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். இரண்டு வருஷம் படித்துத் திரும்பி, பல் அடைப்பது, பிடுங்குவது எல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள். உடனே 2006ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. மாநில உரிமம் இல்லாமல் பல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

இவர்களைக் காப்பாற்றியது கூட்டாட்சிச் சட்டம். இந்த உதவியாளர்களுக்குச் சான்றிதழ் தருவது கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி வாரியம். அதனால் மாநில உரிமச் சட்டம் இவர்களைத் தடுக்க முடியாது என்று 2007ல் நீதிமன்றம் சொன்னது. 2010ல் வெளிவந்த ஒரு விரிவான மதிப்பீடும் இவர்களுடைய வேலை பாதுகாப்பாகவும் திறமையாகவும் இருப்பதாகவே சொன்னது.

ஆனால் அதே 2010ல் இந்தத் திட்டத்தை மற்ற மாநிலங்களுக்கு விரிக்க அனுமதித்த சட்டம், ஒரு முடிச்சும் போட்டது: பல் சிகிச்சையாளர்கள் வேண்டுமானால் அந்த மாநிலச் சட்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். தேவை எங்கேயும் ஒன்றுதான். ஆனால் அலாஸ்காவில் கிடைத்த ஆள், வேறொரு மாநிலத்துப் பூர்வகுடிக்குக் கிடைப்பாரா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஊரில் ஒரே ஆள் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் அவர்தான். விபத்தில் அடிபட்டு வருவது அவருடைய அண்ணன் மகனாகவே இருக்கலாம். இந்தச் சுமை தாங்காமல் வேலையை விடுகிறவர்கள் உண்டு. அந்த இடத்தை நிரப்ப மறுபடி முதல் கட்டத்திலிருந்து பயிற்சி.

ஆக, அரசு ஆதரவு என்றால் எத்தனை பேருக்கு உதவித்தொகை என்று மட்டும் எண்ணினால் போதாது. படித்து வந்தவர் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா, சந்தேகம் வந்தால் கேட்க மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, அவருக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றால் மாற்றாள் உண்டா, இதையும் சேர்த்துக் கேட்கணும். அடுத்த தடவை இப்படி ஒரு திட்ட அறிவிப்பைப் படிக்கும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.