நீர் அணைக்காத நெருப்பு

தீப்பற்றினால் தண்ணீரை ஊற்று என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற பாடம். அப்பாடம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதைக் கொச்சிக் கடல் நமக்கு உணர்த்தியது.

2025ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கி வந்த ‘எம். எஸ். சி. எல்சா 3’ என்னும் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த 640 கொள்கலன்களுள் 13இல் அபாயச் சரக்கு இருந்தது. அவற்றுள் 12இல் இருந்தது கால்சியம் கார்பைடு. கரையொதுங்கும் பெட்டிகளைத் தொடவேண்டாம், 200 மீட்டர் விலகி நில்லுங்கள் என்று மக்கள் எச்சரிக்கப்பட்டனர். ஏன்?

முன்னாளில் திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கை நினைத்துப் பாருங்கள். கல்லின்மேல் நீர் சொட்டச் சொட்ட அசெட்டிலீன் வாயு எழும். அதுவே சுடர்விட்டு எரியும். சொட்டாக விழுந்தால் விளக்கு. மூடிய பீப்பாய்க்குள் நீர் புகுந்து வாயு திரண்டாலோ, ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கார்பைடுத் தீயில் நீர் ஊற்றுவது நெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய செய்திகளை முன்கூட்டியே உரைப்பதுதான் ‘பாதுகாப்புத் தரவுத் தாள்’. ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்ட முறைப்படி அதில் 16 பகுதிகள் உண்டு. அவசரத்திற்கு ஐந்தை அறிந்திருப்பது நலம். 2ஆம் பகுதி, அபாயம் யாதெனக் கூறும், 4ஆவது முதலுதவி, 5ஆவது தீயணைப்பு, 7ஆவது கையாளும் முறையும் சேமிப்பும், 10ஆவது, எதனோடு எது சேரலாகாது என்பது. கார்பைடின் தாளில் 5ஆம் பகுதியைப் பாருங்கள்: நீர் கூடாது, உலர்ந்த மணலோ உலர் தூளோ இடவேண்டும் என்றிருக்கும். 10ஆம் பகுதி வீட்டிற்கும் வேண்டியதே. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும்.

போபால் துயரம் நிகழ்ந்தது 1984இல். அதன்பின் வந்த 1989ஆம் ஆண்டு விதிகள், அபாயகரமான இரசாயனங்களுக்கு இத்தாளைக் கட்டாயமாக்கின. சட்டம் வந்துவிட்டது, ஆனால் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சரக்கிறக்கும் தொழிலாளி படிப்பதோ மலையாளம் அல்லது தமிழ். தாள் அலமாரியில் இருக்கிறது. அபாயம் அவர் தோளில் இருக்கிறது.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பியைத் திறக்குமுன் அதன் தாளைப் படிப்போம். படித்ததில் ஐந்து வரிகளையேனும், அதைச் சுமப்பவருக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்வோம். நாம் கற்ற விஞ்ஞானம் அங்கேதான் பயன்படத் தொடங்குகிறது.