கிரிவலமும் தொடைப் புண்ணும்: எந்த உள்ளாடை கைகொடுக்கும்?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். வெறுங்கால் நடை என்பதால் பாதத்துக் கொப்புளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தொடை உரசிப் புண்ணாவதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. வழியில் அடி அண்ணாமலை தாண்டும்போது லேசாக எரியும். குபேர லிங்கத்தை நெருங்கும்போது காலை அகட்டி அகட்டித்தான் நடக்க முடியும். சேலைக்குள்ளோ பாவாடைக்குள்ளோ தளர்வான ஷார்ட்ஸ் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஏன் புண்ணாகிறது?

உள்பாவாடை கட்டினாலும் இரண்டு தொடைகளுக்கும் நடுவே துணி கிடையாது. 14 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20,000 அடி எடுத்து வைக்கிறோம். அத்தனை முறையும் தோலோடு தோல் உரசுகிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் வழண்டுபோகும். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். சாதாரண ஜட்டி போட்டால் அதன் எலாஸ்டிக் விளிம்பு தொடை இடுக்கை அறுக்கும். இறுக்கமான பாலியஸ்டர் லெக்கிங்ஸோ வியர்வையை உள்ளேயே தேக்கும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நீளம்தான் முக்கியம். தொடைகள் உரசும் இடத்துக்கும் நான்கு விரற்கடை கீழே இறங்க வேண்டும். தளர்வு நல்லது, தொளதொளப்பு நல்லதல்ல. அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் நடக்க நடக்க மேலே ஏறிச் சுருண்டு, அந்தச் சுருளே தோலை உரசும்.

கடையிலேயே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். கவட்டில் நான்கு தையலும் ஒரே இடத்தில் கூடி முடிச்சுபோல் தடித்திருந்தால் வேண்டாம். அங்கே தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் நல்லது. மெல்லிய பருத்தி வீட்டுக்கும் தூக்கத்துக்கும் சுகம். ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட நடைக்குச் சீக்கிரம் உலரும் விளையாட்டுத் துணி ஏற்றது.

இடுப்பில் தடம் பதியும் அளவுக்கு எலாஸ்டிக் இறுக்கக் கூடாது. பாவாடை நாடா பல ஆண்டுகள் இறுகி உரசிய இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயான இரண்டு இந்திய மூதாட்டியரைப் பற்றி 2024இல் மருத்துவ இதழொன்றில் செய்தி வந்தது. அரிது என்றாலும், நாடா கட்டும் இடத்தை அடிக்கடி மாற்றுவது நல்லது.

நடைக்கு முன்னும் பின்னும்

புது ஷார்ட்ஸைக் கிரிவலம் போகும் பௌர்ணமி அன்றே முதன்முதலாகப் போடாதீர்கள். ஒருமுறை துவைத்து, பக்கத்துத் தெருவரை நடந்து பாருங்கள். புறப்படும் முன் தொடையில் வாசலின் மெல்லிசாகத் தடவலாம். பவுடர் வியர்வையில் குழைந்து திரளும், அதனால் வேண்டாம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சுற்றி முடித்ததும் ஈரத் துணியோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறாதீர்கள். கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மாற்று ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். துவைத்ததை இன்னொரு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டாம். நல்ல வெயிலில் உலரட்டும்.

எப்போது மருத்துவர்?

வெறும் உரசல் புண் சில நாளில் ஆறிவிடும். வட்டமாகப் படர்ந்து, விளிம்பு தடித்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசே விதி கொண்டுவந்தது. தொடை இடுக்கில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். தோல் மருத்துவருக்கு இது தினமும் பார்க்கும் நோய்தான்.