போக்கற்றவரா? புகல் அடைந்தவரா?

எங்கு பார்த்தாலும் கரிசல் மண். சீமைக் கருவேல மரம். அருப்புக்கோட்டைப் பக்கம் குல்லூர்சந்தையிலும், திருச்சுழி தொகுதியைச் சேர்ந்த மல்லாங்கிணரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், உயிர் தப்பிப் படகேறி வந்த மக்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட பல முகாம்களில் இவை இரண்டு.

இவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'அகதி'.

அகதி என்றால் என்ன? 'கதி' என்றால் வழி, போக்கு. 'அ' என்றால் இல்லை. ஆக, போக்கற்றவன்!

ஆங்கிலத்தில் 'ரெப்யூஜி' என்பார்கள். 'ரெப்யூஜ்' என்றால் புகலிடம். லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'திரும்பி ஓடிச் சேரும் இடம்' என்பது அதன் வேர்ப் பொருள். 1685-ல் பிரெஞ்சு மன்னர் 14-ம் லூயி, புராட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். இங்கிலாந்துக்கு ஓடி வந்த அவர்களால்தான் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பரவியது.

ஆங்கிலப் பெயரில், போய்ச் சேர்ந்த இடம் தெரிகிறது. நம் பெயரிலோ இழந்தது மட்டுமே தெரிகிறது.

அணிலுக்குச் சரணாலயம்

நம்மிடம் நல்ல சொல்லுக்குப் பஞ்சமா? அடைக்கலம், தஞ்சம், சரணாலயம் எல்லாம் உண்டு. சரணாலயத்தைத்தான் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் கொடுத்துவிட்டோம். இதே விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல் சரணாலயம் அமைந்தது. அணில் சரணாலயத்தில், மனிதன் அகதி முகாமில்!

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. நல்ல காரியம்.

ஆனால் குடியுரிமை வேறு விஷயம். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவருக்கும் அதே சட்டந்தான்.

அதே மண்டபம்

தமிழ்நாட்டு முகாம்களில் மலையகத் தமிழரும் ஆயிரக்கணக்கில் உண்டு. இவர்களுடைய பாட்டனும் பூட்டனும் பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். ராமநாதபுரம், மதுரை போன்ற மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள்தாம்.

வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைக்குப் போகும் தொழிலாளரை மண்டபத்தில் ஒரு முகாமில் நிறுத்தி வைப்பார்கள். தொற்றுநோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றுவார்கள். பேரப்பிள்ளைகள் உயிருக்குப் பயந்து இக்கரைக்கு வந்தபோது, பெயரை எழுதி முதலில் தங்க வைத்ததும் அதே மண்டபம் முகாமில்தான்.