காற்றின் கணக்கு – 7: 2006இல் நின்றுபோன காலி வீதி

காற்றை அளக்கும் கருவி வருவதற்கு முந்திய தெஹிவளையின் காற்றைக் கணினியிடம் கேட்கலாம் என்ற இடத்தில் சென்ற வாரம் நின்றோம். அந்தக் கணினி மாதிரிதான் நாசாவின் மெர்ரா-2: பழைய அவதானங்களையும் இயற்பியல் விதிகளையும் சேர்த்து, கடந்துபோன ஆண்டுகளின் காற்றை மீட்டுக் கணக்கிடுவது.

இந்தக் காற்று நம் நுரையீரலை என்ன செய்கிறது என்ற கணக்குக்குள் இந்த வாரம் இறங்குவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மெர்ரா-2 எந்தத் தரவுகளால் கட்டப்பட்டது என்று சொல்லும் விளக்கக் கட்டுரையில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மாதிரிக்குள் காற்று வீசுவதும் மழை பெய்வதும் இயற்பியல் விதிப்படி. புகை எங்கே கிளம்புகிறது என்பதை மட்டும் எந்த விதியும் சொல்லாது. அதை மனிதர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நாட்டில் எவ்வளவு டீசல், எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு விறகு எரிந்தது என்று கூட்டிப் பெருக்கி ஆண்டுவாரியாக எழுதும் உமிழ்வுப் பேரேடு ஒன்று ஒவ்வொரு மாதிரிக்கும் தேவை. வாகனம், ஆலை, அடுப்பு ஆகியவற்றின் கரிக்கு மெர்ரா-2 எடுத்துக்கொண்ட பேரேடு 2006ஆம் ஆண்டோடு முடிகிறது. கந்தகவீரொட்சைட்டுக்கு 2008. அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தக் கடைசி ஆண்டின் எண்களையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். காட்டுத்தீயும் வயல் எரிப்பும் மட்டும் செய்மதியைப் பார்த்துப் புதுப்பிக்கப்படுகின்றன.

அப்படியென்றால் அந்த மாதிரிக்குள், தெஹிவளை வழியே போகும் காலி வீதியில் இன்னமும் 2006தான்!

2008இல் இலங்கை டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. எண்ணெயும் பெற்றோலும் கலந்து எரிந்து நீலமாகக் கக்கிய அந்தப் புகை தெஹிவளைச் சந்தியில் நின்றவர்களுக்கு மறக்காது. அதே ஆண்டில்தான் வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. 2011இல் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கி, பிறகு மூன்று அலகுகளாகி 900 மெகாவாட் ஆனது. நல்லதும் கெட்டதுமாக இத்தனை நடந்தும் ஒன்றுகூடப் பேரேட்டில் ஏறவில்லை.

ஆனாலும் மாதிரி குருடல்ல. அதற்குச் செய்மதியின் கண் உண்டு. மொடிஸ் கருவி மேலிருந்து பார்த்து, வளிமண்டலத்தில் மொத்தம் இவ்வளவு மங்கல் இருக்கிறது என்று சொல்லும். மாதிரி தன் கணக்கை அதற்கேற்றபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளும். இதில் இரண்டு சிக்கல்கள். மொடிஸ் சொல்வது மொத்தத்தை மட்டும். அதில் கரி எவ்வளவு, கடலுப்பு எவ்வளவு என்ற பங்கீடு பெரும்பாலும் மாதிரியின் பழைய ஊகப்படியே நிற்கும். அடுத்தது, முகில் மூடினால் அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பின் வானம் எப்படி இருக்கும் என்று இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. திருத்தம் குறைவாகக் கிடைக்கும் அந்த மாதங்களில் 2006இன் பேரேடே கூடுதலாகப் பேசும்.

இன்னொன்று, மாதிரி உலகத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டித்தான் பார்க்கிறது. தெஹிவளை விழும் பெட்டியின் நடுப்புள்ளி வடக்கு 7 பாகை, கிழக்கு 80 பாகை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 55 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக 69. நீர்கொழும்பு அதற்குள் இருக்கிறது, மொரட்டுவை இருக்கிறது. பாணந்துறை வெளியே போய்விட்டது. கிழக்கே அவிசாவளையையும் தாண்டுகிறது. மேற்கே கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீற்றர் கடலுக்குள் போகிறது. பெட்டியில் கால்வாசி கடல்! சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும், கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டுக்கும், தெஹிவளை மேம்பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் மணித்தியாலத்துக்கு ஒரே ஓர் எண். 1980 ஜனவரி முதல் எண்ணினால் இதுவரை 4 இலட்சம் எண்கள். அவற்றில் ஒன்றுகூட மேம்பாலத்தடிக்கு உரியதல்ல.

இந்தக் குறைகளெல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்த காலம் 2022இன் நடுப்பகுதி. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் விற்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை சைக்கிள்கள் ஓடின. ரயில்களில் தொங்கிக்கொண்டு போனார்கள். நகரத்தின் வாகனப் புகையை நிறுத்திப் பார்க்க எந்த விஞ்ஞானிக்கும் கிடைக்காத பரிசோதனை அது. மாதிரிக்கு எரிபொருள் வரிசை தெரியாது, செய்மதிக்கு முகில். போதாததற்கு, சோளகம் கடலிலிருந்து சுத்தமான காற்றைக் கொண்டுவரும் பருவம் அது. அந்த நாட்களில் காற்று நன்றாக இருந்திருந்தால் அதற்குக் காரணம் வரிசையா, கடலா?

இதில் இன்னுமொரு முடிச்சு. அந்த ஆண்டு பெற்றோலோடு சமையல் எரிவாயுவும் இல்லாமல் போனது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. கடைகளிலும் அலுவலகங்களிலும் ஜெனரேட்டர் உறுமியது. விறகடுப்பையே மறந்திருந்த வீடுகளில் முற்றத்தில் மூன்று கல் வைத்து மூட்டினார்கள். வீதியில் குறைந்த புகை வீட்டில் கூடியது. எது எவ்வளவு என்று எழுதிவைத்த பேரேடு எங்கே?

விறகு என்றதும் ஒரு பழைய ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1999இல் வீரபத்ரன் ராமநாதனும் போல் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்து சமுத்திரப் பரிசோதனை பற்றி இத்தொடரில் முன்பே வந்திருக்கிறது. வாடைக்காற்றோடு தெற்காசியாவிலிருந்து சமுத்திரத்தின் மேல் பரவும் பழுப்பு மேகத்தை உலகுக்குக் காட்டியது அதுதான். அந்த மேகத்தில் உள்ள கரி டீசலிலிருந்தா, அடுப்பிலிருந்தா என்ற சண்டை பிறகும் ஓயவில்லை. ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஓர்யான் குஸ்தாவ்சன் குழு 2006இன் தொடக்கத்தில் மாலைதீவின் ஹனிமாதூவிலும், புனேக்கு அருகே சிங்ககட் மலையிலும் காற்றை வடிகட்டிக் கரியைச் சேகரித்தது. மரத்திலும் சாணத்திலும் காபன்-14 இருக்கும்; கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது சிதைந்து தீர்ந்திருக்கும். அந்த ஒரே வித்தியாசத்தை வைத்துப் பிரித்தார்கள். அளக்கும் முறையைப் பொறுத்துக் கரியில் ஏறத்தாழ பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், வைக்கோல் போன்றவற்றிலிருந்து வந்தது என்பது 2009இல் வெளியான முடிவு. காகிதப் பேரேட்டைக் காற்றே திருத்தியது. இதைவிட அழகான கணக்குச் சரிபார்ப்பை இத்தொடர் இன்னும் சந்திக்கவில்லை.

உறைந்த பேரேட்டால் ஒரு பயனும் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நீண்டகால மாற்றத்தை ஆராய்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. ஒரு முறை உண்மையான வானிலையையும் உண்மையான உமிழ்வையும் கொடுத்து மாதிரியை ஓட்டுவார்கள். மறுமுறை அதே வானிலை, ஆனால் உமிழ்வை ஓர் ஆண்டோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் மனிதர் செய்தது. மிச்சம் காற்றும் மழையும் செய்தது. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தருகே 1998க்குப் பிந்திய பல ஆண்டுகளில் அளந்த பி.எம். 10 எனும் காற்றுத் துகள்களின் வருட சராசரி, கன மீற்றருக்கு 60 முதல் 82 மைக்ரோகிராம் வரையிலேயே நின்றது. வாகனங்களோ பெருகிக்கொண்டே போயின. அந்த நிலைத்த எண்ணுக்குள் எந்தச் சட்டம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க இந்த இரட்டை ஓட்டம் வேண்டும். மெர்ரா-2 அதற்குப் போதாது. அதில் செய்மதித் திருத்தமும் கலந்து கிடக்கிறது.

வேண்டியது கொழும்புக்கென்று ஆண்டுதோறும் எழுதப்படும் பேரேடு. அதற்கான துண்டுகள் இல்லாமலில்லை. வாகனப் பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், எரிபொருள் விற்பனை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தில், எந்த வீட்டில் என்ன அடுப்பு என்பது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தில். இவற்றைக் கூட்டி ஒரே ஏட்டில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்க வேண்டும். வாஷிங்டனுக்கு அருகே இருந்து மாதிரி ஓட்டுபவர், தெஹிவளையில் 2008இல் எந்த ஓட்டோ நின்றது என்று தானாக அறியப்போவதில்லை.

நுரையீரல் கணக்கு அடுத்த வாரம். பி.எம். 2.5 எனும் இன்னும் நுண்ணிய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வருட அளவு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம், இலங்கைச் சட்டம் 2008 முதல் ஏற்கும் அளவு 25. இந்த இடைவெளிக்குள் தெஹிவளை எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 2022 டிசெம்பர் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, காற்றுக்காகப் பாடசாலைகளை மூடிய கதையும் அதில் வரும்.